72,000 ரூபா போனை புக் பண்றதுக்கு முன்னாடி அம்மா கையில இருக்கிற போனைப் பாருங்க



"சம்பளம் கையில 32,000 வருது. 72,000 ரூபா போன், 24 மாச இஎம்ஐ, மாசம் 3,000 தான். எடுக்கலாமா?" நம்ம சேனலுக்கு அடிக்கடி வர்ற கேள்வி இது. தொகை மாறும், போன் பேரு மாறும், கேள்வி மாறாது. ஏன் வேணும்னு திருப்பிக் கேட்டா நிறைய பேர் சொல்ற காரணங்கள்ல ஒண்ணு: "ஊருக்கு வீடியோ கால் பண்ணினா முகம் உடைஞ்சு உடைஞ்சு தெரியுது. கேமரா நல்லா இருக்கிற போனா மாத்தலாம்னு பார்க்கிறேன்."

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். வீடியோ கால்ங்கிறது ரெண்டு முனை இருக்கிற சமாச்சாரம். உங்க முனையில எவ்வளவு காசைக் கொட்டினாலும், எதிர்முனையில இருக்கிற போனும் சிக்னலும் எந்த அளவுக்கு இருக்கோ, அந்த அளவுக்குத்தான் முகம் தெரியும். அதனால அந்த 72,000-ல முதல் 14,000 போக வேண்டியது ஊர்ல இருக்கிற அம்மா அப்பா போனுக்கு. அதுக்கப்புறம் உங்களுக்கு ஒரு போன். மீதி சேமிப்பு. இது சென்டிமென்ட் பேச்சு இல்ல. மொபைல்ல வீடியோ கால் வந்த கதையை எடுத்துப் பார்த்தா, காசுக் கணக்கே இதைத்தான் சொல்லுது.

டெல்டாக்காரங்களுக்கு இது சீக்கிரம் புரியும். நீடாமங்கலத்துக்குப் பக்கத்துல மூணாறு தலைப்பு இருக்கு. அங்கதான் வெண்ணாத்துலேருந்து கோரையாறும் பாமணியாறும் பிரியுது. தலைப்புல ஷட்டரை எவ்வளவு உசரம் தூக்கினாலும், கீழே வாய்க்கால் தூர்ந்து கிடந்தா கடைமடை வயலுக்குத் தண்ணி ஏறாது. வீடியோ காலும் அப்படித்தான். உங்க போன் தலைப்பு. அம்மா போன் கடைமடை.

முகம் பார்க்கக் காசு கொடுத்த ஊரு

நீடாமங்கலம், மன்னார்குடி, கூத்தாநல்லூர் பக்கம் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடான்னு வெளிநாட்டுக்கு ஆள் போகாத தெருவைத் தேடித்தான் பார்க்கணும். பிரிஞ்சு இருக்கிறவங்க முகத்தைப் பார்க்கணுங்கிற தேவை, இங்க செல்போனுக்கு ரொம்ப முன்னாடியே இருந்துச்சு. முதல்ல கடிதம். அப்புறம் குரலைப் பதிவு பண்ணி, லீவுல ஊருக்கு வர்ற ஆள் கையில கொடுத்தனுப்பற கேசட். அப்புறம் ஐஎஸ்டி பூத்ல மீட்டர் ஓடறதைப் பார்த்துக்கிட்டே அவசர அவசரமா பேசற பேச்சு.

2000-க்கு அப்புறம் சின்ன ஊர்கள்லயும் பிரவுசிங் சென்டர் வந்துச்சு. ஹெட்போனை மாட்டிக்கிட்டு, யாஹூ மெசஞ்சர்ல வெப்கேமைப் போட்டு, மணிக்கு இவ்வளவுன்னு காசு கொடுத்து துபாய்ல இருக்கிறவர் முகத்தைப் பார்த்தாங்க. படம் திக்கித் திக்கித்தான் வரும். ஆனாலும் பார்த்தாங்க.

இதுல ஒரு பொருளாதாரப் பாடம் இருக்கு. பிரவுசிங் சென்டர் ஏன் ஓடுச்சு? யாரும் கம்ப்யூட்டரோ கேமராவோ சொந்தமா வாங்க வேண்டியிருக்கல. ஒரு தெருவுக்கே ஒரு கேமரா போதும். பேசின நேரத்துக்கு மட்டும் காசு. பேசலைன்னா செலவே இல்ல. இதை ஞாபகம் வச்சுக்குங்க, அடுத்து வர்ற கதை இதுக்கு நேர் எதிர்.

முன்பக்கம் கேமரா இருந்துச்சு, எதிர்ல ஆள் இல்ல

உங்க வீட்ல அண்ணனோ மாமாவோ 2006 வாக்குல நோக்கியா என்70 இல்லேன்னா என்73 வச்சிருந்தாங்களான்னு கேட்டுப் பாருங்க. அந்த ரெண்டு போன்லயும் திரைக்கு மேல ஒரு சின்ன கேமரா இருக்கும். செல்பி எடுக்க வச்சது இல்ல அது. செல்பிங்கிற பேச்சே அப்ப நம்ம ஊர்ல கிடையாது. 3ஜி வீடியோ காலுக்காக வச்சது.

ஆனா இந்தியாவுல 3ஜி எப்ப வந்துச்சு? டெல்லியில எம்டிஎன்எல் 2008 டிசம்பர்ல ஆரம்பிச்சுது. சென்னையில பிஎஸ்என்எல் 2009 பிப்ரவரியில ஆரம்பிச்சுது. அதாவது 2005-ல வெளிவந்த என்70-ஐ அப்பவே வாங்கினவர், அந்த முன்பக்க கேமராவை எதுக்கு வச்சாங்களோ அதுக்குப் பயன்படுத்தவே முடியாம மூணு நாலு வருஷம் வச்சிருந்தார். நெட்வொர்க் வந்தப்ப போன் பழசாயிடுச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா, நோக்கியாவே 2006-ல என்72-ன்னு ஒரு போன் விட்டுது. பெரும்பாலும் என்70 மாதிரியேதான். 3ஜி கிடையாது, முன்பக்க கேமரா கிடையாது, விலை குறைவு. 3ஜி இல்லாத ஊர்ல இருக்கிறவங்களுக்கு அந்த ரெண்டுக்கும் காசு கொடுக்க வேண்டிய அவசியம் இல்லைன்னு தயாரிச்சவங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. அன்னைக்கு என்72 வாங்கினவர்தான் கணக்குத் தெரிஞ்சவர். ஆனா கடையில கெத்து யாருக்கு இருந்துச்சு? என்70-க்கும் என்73-க்கும்தான்.

இப்ப சிங்கப்பூரை எடுத்துக்குங்க. அங்க 2005-லயே 3ஜி வந்தாச்சு. நம்ம பக்கத்துலேருந்து அங்க வேலைக்குப் போன ஒருத்தர், அந்த வருஷமே சம்பளத்துல 3ஜி போன் வாங்கியிருக்கலாம். அதை வச்சு அவர் யாரைப் பார்க்க முடியும்? சிங்கப்பூர்லயே 3ஜி போன் வச்சிருக்கிற இன்னொரு ஆளை. அவர் பார்க்க ஆசைப்பட்ட முகமோ நீடாமங்கலத்துல, பட்டன் போன் முன்னாடி. தலைப்புல தண்ணி நிறைய, கடைமடையில வாய்க்காலே வெட்டலை.

பணக்கார நாடுகள்லயும் இதே கதைதான்

நம்ம ஊர் ஏழை ஊர், அதனால இப்படின்னு நினைச்சிடாதீங்க. அமெரிக்காவுல ஏடி அண்ட் டி கம்பெனி 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில 'பிக்சர்போன்' காட்டினப்ப மக்கள் வேடிக்கை பார்த்தாங்க. 1970-ல பிட்ஸ்பர்க் நகரத்துல காசுக்கு விட்டாங்க. மாச வாடகை 160 டாலர், அதுல 30 நிமிஷப் பேச்சு மட்டும் சேர்த்தி. வாங்கின கொஞ்சம் பேருக்கு ஒரே பிரச்சினை: பேசறதுக்கு எதிர்ல யார் வீட்லயும் அது இல்ல. கொஞ்ச வருஷத்துலயே அடங்கிப்போச்சு.

கையில வச்சுப் பேசற வீடியோ போன் முதல்ல வந்தது ஜப்பான்ல. 1999-ல கியோசெரா கம்பெனி விட்ட விபி-210. விலை 40,000 யென். படம் ஒரு செகண்டுக்கு ரெண்டே ரெண்டு தடவைதான் மாறும். அசையற முகம்னு சொல்றதைவிட, அடுத்தடுத்து வர்ற போட்டோன்னு சொல்லலாம்.

அப்புறம் ஐரோப்பா. 2000-ல பிரிட்டன் அரசு 3ஜி அலைக்கற்றையை ஏலம் விட்டு சுமார் 2,250 கோடி பவுண்ட் வாங்குச்சு. அந்தக் காசைத் திருப்பி எடுக்க, 'த்ரீ'ங்கிற கம்பெனி 2003-ல வீடியோ காலையே முன்னாடி வச்சு கடை திறந்தது. மக்கள் வரலை. கடைசியில குறைஞ்ச விலைக்குச் சாதாரண பேச்சு நிமிஷங்களை வித்துத்தான் ஆள் சேர்த்தாங்க.

தொழில்நுட்பமும் அப்ப பெரிசா ஒண்ணும் இல்ல. அன்னைய 3ஜி வீடியோ கால் ஓடினது செகண்டுக்கு 64 கிலோபிட் வேகத்துல. படத்தோட அளவு 176-க்கு 144. மொத்தம் சுமார் 25,000 புள்ளி. இன்னைக்கு உங்க போன் கேமரா எடுக்கிற ஒரு போட்டோவுல அதைப்போல பல நூறு மடங்கு புள்ளி இருக்கும். அந்த மங்கலான சின்னப் படத்துக்கு நிமிஷக் கணக்குல தனிக் காசு வேற.

ஏலத்துல 67,719 கோடி

இந்தியாவுக்கு வருவோம். தனியார் கம்பெனிகளுக்கான 3ஜி ஏலம் 2010 ஏப்ரல் 9-ல ஆரம்பிச்சு மே 19-ல முடிஞ்சுது. நாடு முழுக்க ஒரு லைசென்ஸுக்கு ஆரம்ப விலை 3,500 கோடி. முடியறப்ப அது சுமார் 16,750 கோடிக்குப் போயிருந்துச்சு. அரசுக்குக் கிடைச்ச மொத்தத் தொகை 67,719 கோடி ரூபா. தமிழ்நாட்டு வட்டத்துல ஏர்டெல், வோடபோன், ஏர்செல் மூணும் எடுத்தாங்க. ஒவ்வொருத்தரும் இந்த ஒரு வட்டத்துக்கு மட்டும் கொடுத்தது சுமார் 1,465 கோடி.

2011-ல சேவை ஆரம்பிச்சப்ப வந்த விளம்பரங்கள் ஞாபகம் இருக்கா? வீடியோ கால்தான் முக்கியமான கவர்ச்சி. ஆனா அதை அனுபவிக்க என்னென்ன வேணும்? உங்ககிட்ட 3ஜி போன், முன்பக்க கேமரா, 3ஜி பேக், ஊர்ல 3ஜி டவர். இது நாலும் எதிர்ல இருக்கிறவர்கிட்டயும் அப்படியே வேணும். எட்டுல ஒண்ணு குறைஞ்சாலும் கால் போகாது. கணவர் சென்னையில இருந்து, மனைவி நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்துல இருந்தா, எட்டும் ஒண்ணு சேர்றது லாட்டரி மாதிரி.

ஏர்செல் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். 2018 பிப்ரவரியில திடீர்னு சிக்னல் போச்சு, நம்பரை மாத்திக்க ஷோரூம் வாசல்ல கூட்டம் முண்டியடிச்சுது, அந்த மாசக் கடைசியில கம்பெனி திவால் மனு போட்டுது. 3ஜி மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். கடன் சுமையும், ஜியோ வந்தப்புறம் நடந்த விலைப்போட்டியும் சேர்ந்து அமுக்கிடுச்சு. ஆனா ஒண்ணு தெளிவு. வருமானம் வர்றதுக்கு முன்னாடியே பெரிய தொகையைக் கடனா எடுத்து, நாளைக்கு வரப்போற ஒண்ணுக்காகக் கட்டினா, கோடிக் கணக்குல புரள்ற கம்பெனிக்கே மூச்சு முட்டும். 32,000 சம்பளத்துக்கு முட்டாதா?

2016-ல மாறினது உங்க போன் இல்ல

2010 ஜூன்ல ஐபோன் 4 வந்துச்சு, முன்பக்க கேமராவோட. ஃபேஸ்டைம் வந்துச்சு. ஆனா வைஃபையில மட்டும்தான், அதுவும் எதிர்லயும் ஐபோன் 4 இருந்தாத்தான். மொபைல் டேட்டாவுல பேச 2012 வரைக்கும் காத்திருக்கணும். அந்த இடைப்பட்ட காலத்துல வளைகுடாவுல இருந்த நம்ம ஆட்கள் ஸ்கைப், ஐஎம்ஓன்னு ஆப்களைத் தேடிப் பிடிச்சு சமாளிச்சாங்க.

எல்லாத்தையும் திருப்பிப் போட்டது 2016. செப்டம்பர் 5-ல ஜியோ இலவச 4ஜியோட வந்துச்சு. நவம்பர்ல வாட்ஸ்அப்ல வீடியோ கால் வந்துச்சு. இப்ப யோசிச்சுப் பாருங்க, அந்த வருஷம் விலை உயர்ந்த போன் ஏதாவது புதுசா ஒரு அதிசயம் பண்ணுச்சா? இல்ல. கடைமடை முனை மலிவாச்சு. ஊர்ல இருக்கிற அம்மா கையில ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போனும், காசைப் பார்க்காம செலவழிக்கற அளவுக்கு டேட்டாவும் வந்துச்சு. அவ்வளவுதான். அன்னைக்குத்தான் வீடியோ கால் ஊர்ப் பழக்கமாச்சு.

1999-லேருந்து 2016 வரைக்கும் 17 வருஷம். அந்தப் பதினேழு வருஷமும் "இதோ வந்துடுச்சு"ன்னு சொல்லித்தான் வித்தாங்க. முன்னாடியே வாங்கினவங்க கொடுத்தது கம்பெனிகளோட பரிசோதனைச் செலவு. காத்திருந்தவங்களுக்கு அதே வசதி போன்ல சும்மா வந்துச்சு.

ரெண்டு முனையும் சரியா இருந்தாலும் நடுவுல யாராவது மறிக்கலாம்ங்கிறதுக்கும் நம்ம ஊர் ஆட்களே சாட்சி. அமீரகத்துல வாட்ஸ்அப் கால் தடுக்கப்பட்டிருந்ததால, 2018-லேருந்து பாட்டிம் மாதிரி அனுமதிக்கப்பட்ட ஆப்ல பேச மாசம் 50 திர்ஹாம் தனிப் பேக் போட வேண்டி வந்துச்சு. 800 திர்ஹாம் சம்பளம் வாங்கற ஒரு தொழிலாளிக்கு அது சம்பளத்துல நூத்துக்கு ஆறு ரூபாய்க்கு மேல. ஆனாலும் போட்டாங்க. ஏன்னா அந்தக் காசுக்கு அன்னைக்கே முகம் தெரிஞ்சுது. அதைக் குறை சொல்லவே மாட்டேன். இன்னைக்குக் கிடைக்கிற பலனுக்குக் கொடுக்கிற காசு வேற, நாளைக்கு வரலாம்னு சொல்ற பலனுக்குக் கொடுக்கிற காசு வேற.

சரி, நம்ம கணக்குக்கு வருவோம்

72,000 ரூபா போன். 24 மாசம், மாசம் 3,000. "நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னு எழுதியிருக்கும். உண்மையில வட்டி இருக்கு. அந்த வட்டி அளவுக்கு விலையில கழிச்சுக் காட்டுவாங்க. கிரெடிட் கார்டுல எடுத்தா அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி உங்க தலையில. பிராசஸிங் பீஸ் தனி. மொத்தமா காசு கொடுத்தா கிடைக்கக்கூடிய தள்ளுபடியும் சில சமயம் போயிடும். ஜீரோ சதவீத வட்டிங்கிற ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பர்ல வங்கிகளுக்குச் சொல்லியிருக்கு.

அந்த வட்டியை விட்டுடுவோம். சுத்தமா 72,000-னே வச்சுக்குங்க. இப்ப இதைப் பிரிச்சுப் பாருங்க:

அம்மாவுக்குப் புது போன்: 14,000.
உங்களுக்கு ஒரு நல்ல நடுத்தர போன்: 18,000.
மீதி: 40,000.

அந்த 40,000-ஐ மாசம் 1,667 ரூபாயா 24 மாசத்துக்கு ஆர்டியில போட்டா, 6.5 சதவீத வட்டின்னு வச்சுக்கிட்டா, முடிவுல கையில சுமார் 42,700 இருக்கும். இன்னொரு பக்கம், 72,000 ரூபா போனை ரெண்டு வருஷம் கழிச்சு எக்ஸ்சேஞ்ச்ல கொடுத்தா எவ்வளவு கிடைக்கும்னு நீங்களே போட்டுப் பாருங்க. ரெண்டு வழியிலயும் போன் கையில இருக்கும். ஒரு வழியில அம்மா முகம் தெளிவாத் தெரியும், பேங்க்ல காசும் இருக்கும்.

"காத்திருந்தா எப்ப வாங்கறது?"ன்னு கேட்பீங்க. நீடாமங்கலம் ரயில்வே கேட்ல நின்னு பழகினவங்களுக்குத் தெரியும், காத்திருக்கறதுல ரெண்டு விதம். நெல் ஏத்தின கூட்ஸ் வண்டி நகர்ற வரைக்கும் இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு நிக்கறவர் ஒருத்தர். இன்ஜினை ஓடவிட்டு டீசலை எரிச்சுக்கிட்டு நிக்கறவர் இன்னொருத்தர். கேட் ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துலதான் திறக்கும். வராத வசதிக்கு இப்பவே இஎம்ஐ கட்டறது, கேட்ல இன்ஜினை ஓடவிட்டு நிக்கறதுதான். இன்னைக்கு மடிக்கிற போன், ஏஐ போன்னு வர்றதை எல்லாம் இந்தக் கண்ணால பாருங்க. அதுல இருக்கிற வசதியில எது இந்த வாரமே உங்களுக்கு வேலை செய்யும், எது எதிர்லயும் அதே போன் இருந்தாத்தான் வேலை செய்யும்னு பிரிச்சுக் கேளுங்க.

பழைய போன் அம்மாவுக்கு: இந்தப் பழக்கத்தை நிறுத்துங்க

நம்ம வீடுகள்ல எழுதாத சட்டம் ஒண்ணு இருக்கு. பையன் புது போன் வாங்குவான், அவனோட பழசு அம்மாவுக்குப் போகும். பேட்டரி அரை நாள் நிக்காது. மெமரி நிறைஞ்சிருக்கும். முன்பக்க கேமரா மேல கீறல். ஸ்பீக்கர் கரகரன்னு இருக்கும். அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. "எனக்கெதுக்குப்பா புதுசு, இதுவே போதும்"பாங்க. அப்புறம் நீங்க கால் பண்ணும்போது முகம் உடையும். சிக்னல் சரியில்லைன்னு சொல்லிட்டு வைப்பீங்க.

யோசிச்சா, தலைகீழா இருக்க வேண்டிய பழக்கம் இது. உங்களுக்கு ஆபீஸ்ல வைஃபை, லேப்டாப், சரி பண்ணத் தெரிஞ்ச கை எல்லாம் இருக்கு. சுமாரான போனை வச்சும் சமாளிப்பீங்க. அறுபது வயசு அம்மாவுக்குத்தான் தொட்டதும் ஓடற போன், பெரிய எழுத்து, சத்தமான ஸ்பீக்கர், ரெண்டு நாள் நிக்கற பேட்டரி வேணும். நல்ல நிலையில இருக்கிற பழைய போன்னா தாராளமாக் கொடுங்க, ஆனா பேட்டரியை மாத்திட்டு, உங்க சமாச்சாரத்தை எல்லாம் அழிச்சுட்டுக் கொடுங்க. சாப்ட்வேர் அப்டேட் நின்னுபோன போனைக் கொடுக்காதீங்க. 2025 தொடக்கத்திலேருந்து ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழ இருக்கிற போன்கள்ல வாட்ஸ்அப்பே ஓடறதில்ல.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை. ஊருக்குப் போகும்போது வீட்டுக் கூடத்துல, அடுப்படியில, கொல்லையில நின்னு எந்த சிம் எங்க எடுக்குதுன்னு பாருங்க. பக்கத்து வீட்டுல வேற கம்பெனி சிம் இருந்தா அதையும் கேட்டுப் பாருங்க. நம்பரை மாத்தாமலே கம்பெனியை மாத்திக்கலாம். எந்த சிம்மும் எடுக்கலைன்னா, உள்ளூர் கேபிள்காரர்கிட்ட ஃபைபர் லைன் இருக்கான்னு விசாரிங்க. போன்ல நீங்க கூடுதலா போடற 50,000-த்தால சரியாகாத பிரச்சினை, மாசம் சில நூறு ரூபாயில சரியாகலாம்.

இன்னொண்ணு, பவர் பேங்க். 2018 நவம்பர் 16-ல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தப்ப, திருவாரூர், நாகை, தஞ்சை மாவட்டங்கள்ல பல ஊர்ல நாள் கணக்கா கரண்ட் இல்ல. டவரும் படுத்துடுச்சு. வெளியூர்ல இருந்த பிள்ளைங்க கையில எவ்வளவு பெரிய போன் இருந்தும் ஒரு "நல்லாயிருக்கோம்" கிடைக்கலை. டவர் திரும்ப வந்த நிமிஷம் அம்மா போன்ல சார்ஜ் இருக்கணும். அதுக்கு ஒரு பவர் பேங்க், கூடவே பட்டன் போன் ஒண்ணு. ரெண்டும் சேர்ந்து 3,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சுடும். டெல்டாவுல வீடு இருக்கிறவங்களுக்கு இது ஆடம்பரம் இல்ல.

கடைமடையில திருடனும் வர்றான்

வீடியோ கால் மலிவானதால வந்த ஒரு ஆபத்தையும் சொல்லியாகணும், ஏன்னா இதுல போறது வாழ்நாள் சேமிப்பு. 'டிஜிட்டல் அரெஸ்ட்'. போலீஸ் டிரெஸ் போட்டுக்கிட்டு ஒருத்தன் வீடியோ கால்ல வருவான். உங்க பேர்ல பார்சல் வந்திருக்கு, கேஸ் இருக்கு, போனைக் கட் பண்ணக் கூடாதுன்னு மிரட்டி, அக்கவுண்ட்ல இருக்கிறதைத் துடைச்சு எடுத்துடுவான். முகம் தெரிஞ்சா நம்பற பழக்கம் நம்ம பெரியவங்களுக்கு இருக்கு. அதைத்தான் அவன் பிடிச்சுக்கறான்.

புது போனைக் கையில கொடுக்கிற அன்னைக்கே மூணு விஷயத்தை உட்கார்ந்து சொல்லிக் கொடுங்க. எந்தப் போலீஸும் வீடியோ கால்ல கைது பண்ண மாட்டாங்க. தெரியாத நம்பர்லேருந்து வீடியோ கால் வந்தா எடுக்க வேண்டாம். காசு போயிட்டா வெட்கப்படாம உடனே உங்களுக்கும் 1930-க்கும் போன் பண்ணணும். போன் வாங்கித் தர்றதுல பாதி வேலை இதுதான்.

"ஆனா எனக்கு..."ன்னு சொல்றவங்களுக்கு

போட்டோ, வீடியோ எடுத்து அதுல சம்பாதிக்கிறீங்களா? அப்ப நல்ல கேமரா போன் உங்களுக்குத் தொழில் கருவி, வாங்குங்க. ஆறு மாசச் செலவுக்கு அவசர நிதி இருக்கு, கடன் இல்ல, ஆசைக்கு வாங்கறேன்னு சொல்றீங்களா? மொத்தக் காசையும் கொடுத்து வாங்குங்க, யாரும் குறை சொல்ல முடியாது. ஆசையும் ஒரு செலவுத் தலைப்புதான். ஆனா "வீட்டுக்குப் பேசறதுக்காக"ன்னு அதுக்கு ஒரு பேரு வைக்காதீங்க. வீட்டுக்குப் பேசறதுக்கான செலவு, வீட்ல செய்ய வேண்டிய செலவு.

அம்மா வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. விலையைக் கேட்டா இன்னும் வேண்டாம்பாங்க. அதை ஒரு பதிலா எடுத்துக்காதீங்க. வயல்ல நெல் சாஞ்சு கிடக்கிறதை அப்பா போன்லயே காட்டும்போதும், கொள்முதல் நிலையத்துல மூட்டை எடை போடற வரைக்கும் காத்திருக்கிறப்ப பேத்தி முகத்தைப் பார்க்கும்போதும், அந்த 14,000 எங்க போச்சுன்னு அவங்களுக்கே தெரிஞ்சுடும்.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு வேலை பண்ணுங்க. ஊருக்கு வீடியோ கால் போட்டு, அம்மா போன்ல செட்டிங்ஸைத் திறக்கச் சொல்லி, மாடல் என்ன, ஆண்ட்ராய்டு எத்தனை, மெமரி எவ்வளவு மீதி இருக்கு, காலையில சார்ஜ் போட்டா எத்தனை மணி வரைக்கும் நிக்குதுன்னு நாலே நாலு விஷயம் கேட்டு எழுதுங்க. அதைப் பார்த்துட்டு அப்புறமா உங்க கார்ட்ல இருக்கிற போனை என்ன பண்றதுன்னு முடிவு பண்ணுங்க. இஎம்ஐ கணக்கை விலாவாரியா அடுத்த வீடியோவுல போட்டுக் காட்டறேன். அதுவரைக்கும் அந்த 'பை நவ்' பட்டனைத் தொடாதீங்க.